பருவமழையில் குடும்பத்தோடு ஒரு மலைப் பயணம்: வால்பாறையா, மூணாறா, கோத்தகிரியா?

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொட்டதிலிருந்து செப்டம்பர் முடியும்வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பசுமையை ஆண்டின் வேறு எந்த மாதத்திலும் காண முடியாது. மே மாதத்தில் வண்டிகளின் வரிசைக்கு நடுவே காய்ந்த புல்மேட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள், அதே மலைக்கு ஆகஸ்டில் போனால் சாலையோரப் பாறை ஒவ்வொன்றிலும் நீர் வழிவதையும், விடுதிக் கட்டணம் இறங்கியிருப்பதையும், காட்சிமுனைகளில் கூட்டமில்லாதிருப்பதையும் காண்பார்கள். சுதந்திர தின விடுமுறை, விநாயகர் சதுர்த்தி, செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை எனப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இரண்டு மூன்று வாய்ப்புகளும் அமைகின்றன. மழையில் மலைக்குப் போகலாமா என்பதைவிட, எந்த மலைக்கு, எந்தப் பாதையில் போவது என்பதே யோசிக்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து சொந்த வண்டியில் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கும் மூன்று இடங்களான வால்பாறை, மூணாறு, கோத்தகிரி ஆகியவற்றை இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை முன்வைத்தே ஒப்பிடுகிறது.

ஊரின் புகழை வைத்து முடிவெடுப்பது கோடைக்குச் சரியாக இருக்கலாம். மழைக்காலத்தில் மலையின் எந்தப் பக்கத்தில் அந்த ஊர் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் குறைந்திருக்கும். அதனால்தான் ஒரே மாவட்டத்துக்குள், ஒரே நாளில், ஓர் ஊரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுவதும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் துணி காய்வதும் நடக்கிறது. நீலகிரியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019 ஆகஸ்டில் அம்மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாகியது. ஆனால் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்குப் பெருமழைக் காலம் என்பது அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. காற்றின் திசைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, ஏறிய பாதை அடைபட்டால் இறங்குவதற்கு வேறு பாதை உண்டா என்பது. வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும், ஒரு நாள் முழுக்க அறைக்குள் அடைந்து கிடக்க நேர்ந்தால் அந்த நாள் எப்படிக் கழியும் என்பதும் அதற்குப் பிறகு வருபவை.

வால்பாறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மழையை மழையாகவே அனுபவிக்க இந்த மூன்றில் அதற்கு இணையான இடம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக ஏறக்குறைய 64 கி.மீ.; அதில் ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியில் வெயிலும் காற்றுமாக இருக்கும். ஆழியாறு அணையைத் தாண்டி ஏறத் தொடங்கினால், ஒன்பதாம் வளைவுக் காட்சிமுனையில் நின்று கீழே அணையின் நீர்ப்பரப்பில் வெயில் அடிப்பதைப் பார்க்கும்போதே தலைக்கு மேல் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகளை மிக அருகில் காண முடியும். தூறலைப் பொருட்படுத்தாமல், சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேல் கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு அவை நிற்பதுண்டு. அதற்கும் மேலே போனால் வைப்பரை நிறுத்தவே முடியாத நாட்கள் உண்டு. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவ நாட்களின் மழை அளவுப் பட்டியலில் அதன் பெயர் தேவாலா, அவலாஞ்சி ஆகியவற்றோடு மாறி மாறி முன்னிற்கும். இடுப்பில் படங்கு என்னும் முரட்டு விரிப்பைச் சுற்றிக்கொண்டு, தலைக்குக் கொங்காணி என்னும் மழைமறைப்பைப் போட்டுக்கொண்டு, அந்த மழையிலும் கொழுந்து பறிப்பவர்களைத் தோட்டந்தோறும் பார்க்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஆங்காங்கே எஞ்சியிருக்கும் சோலைக்காடுகளில் சிங்கவால் குரங்குகளும் இருவாச்சிகளும் வாழ்கின்றன. புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையிலேயே இறங்கி நடக்கும். யானைகள் அருகில் இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து எச்சரிக்கும் கம்பங்கள் சாலையோரங்களில் நடப்பட்டுள்ளன. விளக்கு எரிந்தால் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஆனால் வால்பாறையின் குறைகளும் அதே அளவுக்குத் தெளிவானவை. முதற்குறை, அதற்கு மெய்யாகப் பயன்படும் பாதை ஒன்றே ஒன்று. வரைபடத்தைப் பார்ப்பவர்கள் சோலையாறு, மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் ஏறக்குறைய 80 கி.மீ. பாதையை இரண்டாம் வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதுண்டு. ஜூலையில் அதிரப்பள்ளி அருவி முழு வேகத்தில் கொட்டும் என்பதால் அந்த ஆசை இயல்பானதுதான். ஆயினும் அது நேராக மழை மோதும் மேற்குச் சரிவில், அடர்ந்த காட்டுக்குள் செல்லும் பாதை. இரவில் அனுமதி இல்லை. நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் சோதனைச் சாவடிகளில் குறிக்கப்படும். மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ முதலில் மூடப்படுவதும் அதுதான். பெருமழை நாளில் பொள்ளாச்சிப் பாதைக்கு மாற்று வேண்டியிருக்கும்போது அந்த மாற்று திறந்திருக்காது என்றே கொள்ள வேண்டும். இரண்டாவது, 40 வளைவுகள். பின்னிருக்கையில் உட்காரும் பிள்ளைகளில் ஒருவருக்காவது குமட்டல் வராமல் இருப்பது அரிது; ஏறும்போது உள்ள உற்சாகம் இறங்கும்போது இருக்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்றாவது, அட்டை. புல்லில் கால் வைத்தால் ஏறும். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறையும் கொஞ்சம் உப்பும் எடுத்துச் சென்றால் சமாளிக்கலாம் என்றாலும், அட்டையைக் கண்டு அலறும் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் பயணம் முழுக்க அதுவே பேச்சாகிவிடும். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பதால், பொழுது சாய்ந்த பிறகு சிறு பிள்ளைகளை விடுதி வளாகத்திலும் தனியே விடக் கூடாது. கூழாங்கல் ஆறு முதலான இடங்களில் நீர் கணுக்கால் அளவே தெரிந்தாலும், மேலே பெய்யும் மழை சில நிமிடங்களில் கீழே வந்து சேரும். மழைக்காலத்தில் ஆற்றைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடுமையான உடல்நலக் குறைவு என்றால் அத்தனை வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் போக வேண்டியிருக்கும் என்பது முதியவர்களோடு செல்பவர்களுக்கு மிக முக்கியமான செய்தி.

மூணாறின் நிலை இதற்கு நேர்மாறானது: மழையும் மிகுதி, பாதைகளும் மிகுதி. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஒன்று. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக ஒன்று. கொச்சிப் பக்கத்திலிருந்து நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஒன்று. குமுளிப் பக்கத்திலிருந்து வருவது இன்னொன்று. ஒன்று அடைபட்டால் இன்னொன்று என்ற நிம்மதி வால்பாறையில் கிடைக்காது. ஆனால் இந்தப் பாதைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அடிமாலிப் பாதை முழுக்க முழுக்க மழை மோதும் பக்கத்தில் இருக்கிறது. அழகான அருவிகள் சாலையோரத்திலேயே விழுவதும் அதனால்தான். போடிமெட்டுப் பாதையில் தமிழ்நாட்டுப் பக்கத்து 17 வளைவுகளும் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். முகட்டில் எல்லையைத் தாண்டியதும் மழைக்குள் நுழைவோம். தேவிகுளத்தை ஒட்டிய கேப் ரோடு பகுதியில், சாலையை அகலப்படுத்தப் பாறையை வெட்டிய பிறகு மீண்டும் மீண்டும் சரிவுகள் ஏற்பட்டுள்ளன. மழை வலுத்த நாளில் அந்தப் பகுதியைத் தவிர்ப்பதே அறிவு.

மூணாறைப் பற்றி எழுதும்போது 2020 ஆகஸ்ட் 6ஆம் நாளின் இரவைச் சொல்லாமல் கடந்துவிட முடியாது. ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியதில் எழுபது பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். சுற்றுலாப் பயணிகளை அச்சுறுத்துவதற்காக இதை இங்கே குறிப்பிடவில்லை. பல நாள் தொடர்மழைக்குப் பின் நீர் குடித்து ஊறிய சரிவில் கூடுதலாகப் பெய்யும் ஓர் இரவு மழைதான் ஆபத்து என்பதை, விடுதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். செங்குத்தான சரிவை வெட்டிக் கட்டிய, பள்ளத்தாக்கைப் பார்த்த அறை கோடையில் கூடுதல் பணம் கொடுத்து எடுக்கத் தக்கது. ஆகஸ்டில் ஊருக்குள், சமதளத்தில், பின்னால் மண்மேடு இல்லாத கட்டடமே மேல்.

இங்கேதான் மறையூரும் காந்தளூரும் பயன்படுகின்றன. மூணாறிலிருந்து 40 கி.மீ. அளவில், கேரளத்துக்குள்ளேயே இருந்தும், இந்தப் பகுதி மலைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் மூணாறின் மழையில் ஒரு பங்கையே பெறுகிறது; சின்னாறு வனவிலங்குக் காப்பகம் முட்காடாக இருப்பதற்கும் அதுவே காரணம். சந்தனக்காடு, கரும்பு வயல்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள், முனியறை என்று வழங்கும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், காந்தளூரின் பழத்தோட்டங்கள் எனப் பார்ப்பதற்கும் குறைவில்லை. வெல்லக் கொட்டகையில் பெரிய கொப்பரையில் கொதிக்கும் பாகைத் துழாவுவதையும், ஆறிய பாகைக் கையால் உருட்டி உருண்டை பிடிப்பதையும் பிள்ளைகள் அரை மணி நேரமாவது நின்று பார்ப்பார்கள். உடுமலைப்பேட்டை வழியாக வந்து, மறையூரிலோ காந்தளூரிலோ தங்கி, வானம் சற்றுத் தெளிந்த காலையில் மட்டும் மூணாறுக்குப் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடுவது, மூணாறிலேயே தங்குவதைவிட எல்லா வகையிலும் சிறந்த ஏற்பாடு என்பது என் கருத்து. தேயிலை மலையின் பசுமை அதனால் கைவிட்டுப் போவதில்லை; இரவு மழைக்கு அஞ்சி விழித்திருக்க வேண்டியதும் இல்லை. உடுமலைப்பேட்டைப் பாதை யானைக்காட்டின் ஊடே செல்வது என்பதால் பொழுது சாய்வதற்குள் அதைக் கடந்துவிட வேண்டும்.

கோத்தகிரியின் பெயரைச் சொன்னால், மழையே இல்லாத இடத்துக்கு மழைக்காலத்தில் ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வி முழுதும் நியாயமானதல்ல. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து மேகம் வந்துகொண்டேதான் இருக்கும்; சாரலும் காற்றும் மூட்டமும் உண்டு; கொட்டும் மழை மட்டும் குறைவு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளில் சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில்கூட, கோத்தகிரியில் குடையோடு நடந்து லாங்வுட் சோலைவரை போய்வர முடிகிற பொழுதுகள் கிடைக்கும். குன்னூரின் சிம்ஸ் பூங்கா, கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி எல்லாம் குறைந்த தொலைவிலேயே இருப்பதால், மேகம் விலகும் ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல் பயன்படுத்தலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து நேராகக் கோத்தகிரிக்கு ஏறும் பாதை 33 கி.மீ. அளவே, குன்னூர்ப் பாதையைவிட இதில் வளைவுகள் மென்மையானவை. இந்தப் பாதை அடைபட்டால் குன்னூர், பர்லியாறு வழியாக இறங்கலாம். வயிற்றைப் புரட்டும் வளைவுகளுக்கு அஞ்சும் பாட்டியும், மடியில் கைக்குழந்தையோடு வரும் தாயும் இந்தப் பாதையில் ஓரளவு இயல்பாக வந்து சேர முடியும். மருத்துவ உதவி என்று பார்த்தாலும், உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது வால்பாறைக்கும் மூணாறுக்கும் இல்லாத வசதி.

குறை இல்லாமலில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழம் பழுப்பதால், அதை நாடி யானைகள் சாலைக்கே வந்துவிடும். காலையிலும் மாலையிலும் வண்டிகளை நிறுத்திக் காத்திருக்க வேண்டிய நிலை ஏற்படலாம். ஹாரன் அடித்து வழி கேட்பவர்களுக்குப் பின்னால் நிற்காமல், போதிய இடைவெளி விட்டு, திரும்பிச் செல்லும் அளவுக்கு இடம் வைத்துக்கொண்டு நிற்பது நல்லது. காடு, விலங்கு, அருவி என்று வால்பாறை தரும் செழிப்பைக் கோத்தகிரி தராது. உதகை வந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கலாம் என்று திட்டமிடுபவர்கள், 36 வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்கு அனுமதி இல்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும்; கூடலூர் வழியாகச் சுற்றிப் போனால் மழை மிகுந்த பக்கத்துக்கே போய்ச் சேர்வோம்.

கொடைக்கானலும் மேகமலையும் கிழக்கே தள்ளி இருப்பதால் இக்காலத்தில் கோத்தகிரியைப் போலவே மிதமானவை. மதுரை, திண்டுக்கல், தேனிக்காரர்களுக்கு அவையே அருகில் என்பதால் கோத்தகிரிக்குச் சொன்னது பெருமளவு அவற்றுக்கும் பொருந்தும். குடகும் வயநாடும் ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம் என்பேன். 2018இல் குடகிலும் 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் நேர்ந்தவற்றை நினைத்து மட்டுமல்ல; தொலைவு மிகுதி, பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறுவரை மூடப்படும், வழியில் தாமதமானால் தங்க இடம் தேட வேண்டிவரும். சாரலும் அருவிக் குளியலும் மட்டும் போதும் என்பவர்களுக்குக் குற்றாலம் இருக்கவே இருக்கிறது. அது மலைப்பாதைப் பயணம் ஆகாது என்பதால் இங்கே ஒப்பிடவில்லை.

எங்கே போனாலும் வண்டி ஒன்றுதான். டயரின் பள்ளம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும்; ஈரச் சாலையில் இறங்குவதற்கு அது போதாது, 3 மி.மீ. அளவுக்குக் குறைந்திருந்தாலே பயணத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மூட்டத்தில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். லோபீமும் மூட்ட விளக்குமே உதவும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் பின்னால் வருபவரைக் குழப்பும். அது நின்ற வண்டிக்கு உரியது. உட்புறக் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் தெளிந்துவிடும். ஓட்டுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சாலையோரத் தடுப்புச் சுவர்களில் நீர் வடிவதற்காக விடப்பட்டிருக்கும் துளைகள். அவற்றிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. செம்மண் கலங்கி வந்தாலோ, சாலையில் புதிதாகச் சிறு கற்கள் சிதறிக் கிடந்தாலோ, அந்த இடத்தில் படம் எடுக்க நிற்காமல் கடந்துவிட வேண்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்தும், வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்தும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. இணையத்தில் பதிவு செய்தால் கிடைத்துவிடும், கிளம்பும் நாளில் சோதனைச் சாவடியில் நின்று தேட வேண்டாம். அதைவிட முக்கியமானது வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பு. அதில் கனமழை என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ.வரை, மிகக் கனமழை என்றால் 204.4 மி.மீ.வரை; அதற்கு மேல் அதிகனமழை. கோத்தகிரிப் பயணத்தை மஞ்சள் எச்சரிக்கைக்காகக் கைவிட வேண்டியதில்லை. வால்பாறைக்கு ஆரஞ்சு என்றாலே தள்ளிப்போடலாம். மூணாறுக்கு இடுக்கி மாவட்ட எச்சரிக்கையோடு, அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் எவ்வளவு பெய்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்; கனமழை நாட்களில் மலைப்பாதைகளில் இரவுப் பயணத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதும் வழக்கம். முன்பதிவு செய்யும்போதே, எச்சரிக்கை வந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, தேதியையாவது மாற்றித் தருவார்களா என்று விடுதியில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது, ‘கொடுத்த பணம் போய்விடுமே’ என்பதற்காகக் கொட்டும் மழையில் கிளம்பும் நிலையைத் தவிர்க்கும்.

அறுபது கடந்த பெரியவரோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ வண்டியில் இருந்தால் கோத்தகிரியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மழையில் நனைவதற்குத் தயங்காத பெரியவர்கள், ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குமளவுக்கு விடுப்பு, இவை மூன்றும் சேர்ந்தால் வால்பாறை. ஒரு நாள் முழுக்க மழை விடாமல் பெய்தாலும் மறுநாள் மீதமிருக்கும் என்பதால்தான் மூன்று இரவு என்கிறேன். ஒரே நாள் இரவுக்காக 40 வளைவுகளை ஏறி இறங்குவது பெட்ரோலுக்கும் உடம்புக்கும் கேடு. தேயிலை மலையும் வேண்டும், வெயிலும் கொஞ்சம் வேண்டும் என்று வீட்டில் இரு கட்சியாக இருப்பவர்களுக்கு மறையூரில் தங்கி மூணாறு போய்வருவது ஒத்துவரும்.

இந்தத் தரவரிசை செப்டம்பர் இறுதிவரைதான் செல்லும். அக்டோபர் நடுவில் காற்று திரும்பி வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், இதுவரை மறைவில் இருந்த கிழக்குச் சரிவுகள் மழைக்கு முகம் காட்டும்; நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட நிலச்சரிவுகள் 2009 நவம்பரில்தான் நேர்ந்தன. எனவே காலாண்டு விடுமுறையைத் தவறவிட்டுத் தீபாவளியை ஒட்டிக் கிளம்புபவர்கள், மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகுமுன் வால்பாறைக்குச் சொன்ன அதே எச்சரிக்கையோடு முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும்.